குடும்பச் சீட்டு

பெரியவர் இருவர், சிறியவர் இருவர்.
தனித்தனியாக வாங்கினால் நூற்று முப்பத்தாறு யூரோ,
குடும்பமென்றால் தொண்ணூற்றெட்டு.
ஜனவரியில் வாங்கியது.
பணம் திரும்பக் கிடைக்காது என்று
பொடியெழுத்தில் அப்போதே போட்டிருந்தது.
மார்ச்சில் நாங்கள் பிரிந்தோம்.

ஆகவே ஜூனில், ஷ்செச்சினிலிருந்து
போகுமிவா வண்டி ஓட்ட,
பக்கத்து இருக்கையில் விருந்தாளி மாதிரி நான்,
சாண்ட்விச் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு.
எல்லையென்று இப்போது எதுவுமில்லை,
தாரின் நிறம் மட்டும் கொஞ்சம் மாறும்.
"ஜெர்மனி வந்தாச்சா?" என்று இக்னாத்சி கேட்டபோது
வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

வாசலில் ஃபைபர் பூதம்,
அதன் கக்கத்தில் நிஜமான குருவிக்கூடு.
சீட்டு கிழிக்கும் பெண் விரலால் எண்ணினாள்.
நான்கு. சரியாக இருந்தது.
நான்கு கைக்கும் ஒரே நீலத்தில் காகித வளையம்.
ஒற்றைக் கையால் ஒட்ட வராமல்
போகுமிவா மணிக்கட்டை என்னிடம் நீட்டினாள்.
பிறகு ஞாபகம் வந்து
மகளிடம் நீட்டினாள்.

காகிதம் தின்னும் கல் தவளைக்கு
இக்னாத்சி பன்னிரண்டு முறை ஊட்டினான்.
ஒவ்வொரு வாய்க்கும் அது "டாங்கே" என்றது.
குப்பை தீர்ந்ததும்
பூங்காவின் வரைபடத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டான்.
அதற்குப் பிறகு
கால் போனதுதான் வழி.

யாகோதாவுக்குப் பதின்மூன்று.
எதற்கும் வாய் பிளப்பதில்லை என்று
தீர்மானம் போட்டுக்கொண்ட வயது.
"அந்த டிராகன் வயிற்றில் பாருங்கள், லாரி டயர்."
ஆனாலும் படகு சரிந்து தண்ணீர் அறைந்தபோது
என் சட்டையைத்தான் பிடித்தாள்.
பிடித்ததை
உடனே விட்டாள்.

மழை வந்தது.
பேசும் ஓக் மரத்தடியில் ஒதுங்கினோம்.
பட்டையில் இரண்டு கண், கீழே ஒரு வாய்.
பொத்தானை அழுத்தினால் கதை சொல்லும்,
ஜெர்மனில் மட்டும்.
"என்னம்மா சொல்லுது?"
போகுமிவாவுக்கு அந்த மொழி தெரியாது.
தயங்கவேயில்லை.
"ஒரே ஒரு ஊரிலே
ஒரே ஒரு ராஜாவாம்."

எனக்குத் தெரியும் அந்த மொழி.
ஆறு வருடமாக ரோஸ்டோக் கிடங்கில்
திங்கள் முதல் வெள்ளி வரை
அதில்தான் பெட்டி தூக்குகிறேன்.
மரம் சொன்னது
மணியை விழுங்கிய ஒரு வாத்தைப் பற்றி.

அவள் சொன்னாள்:
ராஜாவுக்கு வெளிதேசத்தில் வேலையாம்,
சனிக்கிழமைதோறும் வருவானாம்,
வரும்போது சாக்லேட் கொண்டுவருவானாம்,
சண்டை ஒருநாளும் கொண்டுவந்ததில்லையாம்,
மூட்டை மூட்டையாகத் தூக்கம் கொண்டுவருவானாம்.
அவன் விழித்துவிடக் கூடாதென்று
அரண்மனையில் எல்லோரும்
நுனிக்காலில் நடந்து நடந்து
குதிகால் இருப்பதையே மறந்துபோனார்களாம்.

"யாராவது சூனியம் வைத்தார்களா?" என்றான் இக்னாத்சி.
"இல்லை. வைத்திருந்தால்
எடுத்துவிடலாமே."

மரம் வாத்தாகக் கத்திக் காட்டியது.
பக்கத்துக் குடும்பம் குலுங்கிச் சிரித்தது.
இக்னாத்சி சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினான்.
"அப்பா, உனக்கு ஜெர்மன் தெரியுமே,
மரம் இதையா சொல்லுது?"

போகுமிவா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையேதான்," என்றேன்.
"அம்மா ஒரு வரியை விட்டுவிட்டாள்.
ராஜா தூங்கவில்லையாம்.
யாராவது வந்து எழுப்பட்டுமென்று
கண்ணை மூடிக்கொண்டு
சும்மா கிடந்தானாம்."

கதை முடிந்து மரம் இமையை இறக்கியது,
ஒரு கண் பாதியில் சிக்கிக்கொண்டது.
யாரும் பேசவில்லை.
யாகோதா எழுந்து போய்
பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

இரண்டாம் முறை
யாரும் மொழிபெயர்க்கவில்லை.
வாத்து கத்துமிடத்தில் நால்வரும் சிரித்தோம்.
போகுமிவா மட்டும்
கொஞ்சம் முன்னாலேயே.