மூன்றாவது கியர்

டாக்ஸி வந்து நின்றது, பாட்டும் நின்றது.
விசில் மட்டும் நிற்கவில்லை.

பதினைந்து பேர் உட்காரும் வெள்ளை வேன்,
பின் சீட்டுக்கடியில் இரண்டு ஊஃபர்,
பின்கண்ணாடியில் ஜூலுவில் ஒரு சொல்:
பெகெசெலா. பொறுத்திரு.
பெகானி ஆக்சிலேட்டரை மிதித்தான்,
ஈஈஈ என்று ஏறியது.
விட்டான், அழுதுகொண்டே இறங்கியது.

"கொசு, சிஸ். வாரிக் சந்திவரை
காதுக்குள்ளேயே வருகிறது.
ஒரு கடைக்காரன் ஃபில்டர் விற்றான்,
அடுத்தவன் அதைவிடப் பெரிய ஃபில்டர்."

நானும் விற்பேன், ஃபில்டர்.
கடைசியில்.

எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஒரு திருப்பு:
பாட்டு உண்டு, கொசு இல்லை.
அப்படியானால் ஆல்டர்னேட்டர் சுற்றினால்தான் இது பாடும்.
எஞ்சினை ஓடவிட்டு
ஆம்ப்பில் செருகியிருந்த சிக்னல் வயரை உருவினேன்:
போயிற்று.
திரும்பச் செருகினேன்: ஈஈஈ.
என் ஃபோனை நேராக ஆம்ப்பில் குத்தினேன்,
வண்டியின் எந்த இரும்பையும் தொடாத ஃபோன்.
கழுவித் துடைத்ததுபோல் பாட்டு.

செட்டுக்கு ஓர் எர்த்து, ஆம்ப்புக்கு ஓர் எர்த்து;
ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.
அந்தப் புகைதான் இது.

எர்த்து என்கிறோம், மண் எங்கே இருக்கிறது?
நாலு ரப்பர் டயர்மேல் நிற்கிற வண்டி
வாழ்நாளில் மண்ணைத் தொடுவதில்லை.
தன் உடம்பையே மண் என்று நம்பிக்கொள்கிறது.
நம்பிக்கை போதும், பெயிண்ட் குறுக்கே வராதவரை.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
பக்கத்துக் கடை ஐஸ்பெட்டி அடங்கியது,
எதிர்வீட்டு டிவி அடங்கியது,
சாட்ஸ்வொர்த் முழுக்க ஒரு பெருமூச்சு.
விசில் இப்போது ஊசிபோல் கேட்டது.
நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு
பாய்விரிப்பைக் கிழித்தேன்:
கடலைத் தோல், ஒரு இரண்டு ராண்ட் காசு,
குழந்தையின் மஞ்சள் கிளிப்,
சீட்டு போல்ட்.
பெயிண்ட்டின் மேலேயே முறுக்கியிருந்தான், எவனோ ஒருவன்,
அவசரத்தில், அல்லது வெள்ளிக்கிழமை மாலையில்.
கீழே துரு.
டர்பன் காற்று இரும்பை நக்கிக்கொண்டே இருக்கும்.

மணல்தாள் எடுத்துத் தேய்த்தேன்.
நாணயம் அளவுக்கு வெள்ளி தெரிந்தது.
முறுக்கினேன். மீட்டர் முள் படுத்துக்கொண்டது.
பெகானி மிதித்தான், மிதித்தான், இன்னும் மிதித்தான்.
ஒன்றுமில்லை.
முந்நூற்றைம்பது ராண்ட்.
முந்நூறுக்குப் பேசி முந்நூற்றிருபது கொடுத்துப் போனான்.

மூன்றாம் நாள் காலையிலேயே வந்து நின்றான்.

"சிஸ், கொசுவைத் திருப்பிக் கொடு."

ஆர்.பி.எம். முள் செத்து இரண்டு வருஷமாம்.
விசில் எட்டிய இடத்தில் மூன்றாவது கியர்,
அதற்கும் மேல் கிறீச்சிட்டால் நாலு.
இப்போது பாட்டு மட்டும்தான் கேட்கிறது.
ஹிக்கின்சன் ஏற்றத்தில் இரண்டிலேயே உறுமிக்கொண்டு போய்
பின்சீட்டுப் பெண்மணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

புது மீட்டர் பெட்டி இரண்டாயிரத்துச் சொச்சம்.
அவன் பாக்கெட்டைத் தொடவே இல்லை.
பெயிண்டைத் திரும்பப் பூசவா?
ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தேன்.

பிறகு கழிசடைப் பெட்டியைக் கிளறி
ஒற்றை ட்வீட்டர் ஒன்றை எடுத்தேன்,
ஜோடி எரிந்துபோனது.
ஆல்டர்னேட்டர் வயரிலிருந்து
ஒரு கெபாசிட்டர் வழியாகக் கசிய விட்டு
ஸ்டியரிங்குக்குக் கீழே, அவன் முழங்காலுக்கு மட்டும் கேட்கும்படி
ஒட்டுநாடாவால் ஒட்டினேன்.

ஈஈ.
மெலிசாக, வீட்டுக்கு வந்த பூனைபோல்.

"எடுக்கவும் காசு, வைக்கவும் காசா?" என்றான்
கல்லாவில் இருந்த தம்பி குமேஷன்.
பில்லில் என்ன எழுதுவது என்று தெரியாமல்
'சத்தம், ஒன்று, எண்பது ராண்ட்' என்று எழுதினேன்.

பெகானி இந்த முறை பேரம் பேசவில்லை.
பாட்டைப் பெரிதாக வைத்தான், கண்ணாடிகள் அதிர்ந்தன.
தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.
திரும்பும்போது கியர் மாறியது,
சரியான இடத்தில்.