தண்ணியில்லாக் காட்டில் ஒரு சொட்டு

தண்ணியில்லாக் காடு என்று
மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு
அழுதவர்கள் எத்தனையோ பேர்.
கீழக்கரைக்கு வந்த நான்
தண்ணீருக்குப் பயந்து ஈரப்பதமானி வாங்கி மாட்டினேன்.
தொண்ணூற்றொன்று காட்டுகிறது. ஐப்பசிக் கொண்டல்.
பிஸ்கட் நமத்துவிட்டது,
தாழ்ப்பாள் பொருக்கு விடுகிறது,
தராசின் கண்ணாடிக்கு வியர்க்கிறது.

குடுவைக்குள் மட்டும் கடல் நுழையவில்லை.
மூன்று முறை உறையவைத்து, காற்றை உறிஞ்சி, இளக்கி,
மதுரையிலிருந்து வந்த ஆர்கானை நிரப்பியிருக்கிறோம்.
சைக்ளோஹெக்சேனில் ஸ்டைரீனும் ஐசோப்ரீனும் சரிபாதி.
நாற்பது டிகிரி.
பியூட்டைல் லித்தியம் இறங்கியதும்
சங்கிலிகள் எல்லாம் ஒன்றாகப் பிறக்கின்றன,
ஒரே வயதில் வளர்கின்றன.
சாவு அவற்றுக்குள் இல்லை. வெளியிலிருந்துதான் வரவேண்டும்.
ஒரு சொட்டு போதும்.

தனியே விட்டால் ஸ்டைரீன்தான் வேகக்காரன்.
ஐசோப்ரீன் பக்கத்தில் இருந்தால் ஒதுங்கி நிற்பான்.
பாடப்புத்தகம் இதற்கு இரண்டு எண்களைத் தருகிறது:
எந்த நுனிக்கு எவர்மேல் எவ்வளவு இஷ்டம் என்று.
எனக்கு லாரித் தண்ணீர் வரும் நாள் நினைவுக்கு வருகிறது.
தள்ளுவண்டியில் பன்னிரண்டு குடத்தோடு
முதலில் வந்தவள் ஓரமாய் நிற்பாள்;
ஒற்றைக் குடத்துக்காரிகள் நுழைந்து நுழைந்து தீர்ந்த பிறகு
அவள் குடங்கள் மளமளவென்று நிறையும்.
முழுதும் பொருந்தாது.
ஐசோப்ரீனுக்கு வாய்ச்சண்டை தெரியாது.

அல்போன்சா சிரிஞ்சில் எடுக்கிறாள்.
ஐந்தாம் நிமிடம். பத்து. இருபது. நாற்பது. எண்பது.
ஒவ்வொரு மாதிரியும் மெத்தனால் புட்டியில் விழுந்து
வெளுத்துச் செத்துப்போகிறது,
செத்த நேரத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு.
குடுவை இன்னும் வெளிர்மஞ்சள்,
எலுமிச்சைத் தோல் ஊறின தண்ணீர் மாதிரி.

எண்பத்திரண்டில் கரண்ட் போனது.
கலக்கி நின்றது. வெந்நீர்த் தொட்டி ஆறத் தொடங்கியது.
தங்கச்சிமடத்துக்காரி, அசரவில்லை:
என் தெர்மாஸ் டீயைத் தொட்டியில் கவிழ்த்தாள்.
நான் திட்ட, அவள் சிரிக்க,
ஊசி ஒரு நூல் அசைந்தது.
தொண்ணூற்றாறில் இன்னொரு மாதிரி.
குடுவைக் கழுத்தைப் பிடித்துக் கையால் சுழற்றுகிறேன்,
போன் வெளிச்சத்தில்.
தெருவில் இஷா முடிந்து செருப்புச் சத்தம்.

"மர்ஜானா மேடம், ஆரஞ்சு."
டீயின் நிறம் என்றேன்.
தூக்கித் துடைத்துப் பார்த்தோம்.
டீ இல்லை.
குடுவை முழுதும் ஒரே சமயத்தில் பழுத்துக்கொண்டிருந்தது.
நூற்று நான்கு.
ஒதுங்கி நின்றவன் உள்ளே வந்துவிட்டான்.

காலையில் வந்தபோதும் அந்த நிறம் இருந்தது.
கொடுத்தால் இன்னும் வளர்வோம் என்று.
கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.
மெத்தனால் விட்டேன். கண்ணிமைப்பதற்குள் வெள்ளை.

அளவுகள் வர ஒன்பது நாள் ஆனது.
மடக்கைத் தாளில் ஐசோப்ரீனுக்கு
ஐந்து புள்ளிகள் நூல் பிடித்தாற்போல்.
ஆறாவது கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது.
அந்தச் சிரிப்பின் இடுக்கில் கொண்டல் புகுந்து
சில சங்கிலிகள் செத்திருக்கலாம்.
யாரும் சாகாமல், குளிரில் நடை தளர்ந்ததாகவும் இருக்கலாம்.
ஒரே இரவை வைத்துக்கொண்டு
இரண்டையும் பிரிக்க முடியாது.

இன்னொரு சிலிண்டருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.
மாசி வரட்டும், காற்று காயும்.
நோட்டில் ஆறாவது புள்ளிக்கு எதிரே:
சந்தேகம். தொட்டியில் டீ, ஒரு தெர்மாஸ், சர்க்கரை போட்டது.