காண்பன

தீயணைப்பு வாளியில்தான் கடைசியாக ஆற்றுமணல் கிடைத்தது.
மேலப்பாளையம் முழுக்கத் தேடியாயிற்று.
வீடு எழும்பும் தெருவிலெல்லாம் எம்-சாண்ட்,
சாம்பல் நிறம், பல்பொடிபோல.
எச்.எம். அறை வாசலில்
சிவப்பு வாளிகள் நான்கு தொங்கும்,
என்றோ ஓர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிரப்பியவை.
இரண்டாவதைக் கவிழ்த்தோம்:
கொண்டை ஊசி, பபிள்கம், பூனைப் பீ,
அதற்கும் கீழே
குளிர்ந்து, சிப்பித் துணுக்கோடு
தாமிரபரணி.

கரிக்கு நான் பொறுப்பு.
இஸ்திரிக் கடை சுடலைமுத்து
அணைந்த கரியைப் பேப்பரில் மடித்துத் தந்தார்.
"பரீட்சைக்கா?"
"சோதனைக்கு."
"ரெண்டும் ஒண்ணுதானே பிள்ள."

பஞ்சு, முதலுதவிப் பெட்டியிலிருந்து.
ஜல்லி, மழைக்குப் பெயர்ந்த ரோட்டிலிருந்து.
பொவண்டோ பாட்டிலின் அடியை வெட்டித்
தலைகீழாய்ப் பிடித்தால் புனல்.

தண்ணீர் கொண்டுவந்தவள் மைமூன் ருக்கையா.
அவள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாளையங்கால்வாய்.
தூக்குவாளியை மூடி, மூடிமேல் துணி கட்டி,
பிரியாணி கொண்டுவருகிறவள்போல நடந்து வந்தாள்.
திறந்ததும் முன்வரிசை பின்வரிசை ஆயிற்று.
டீ நிறம். ஆடை படிந்த டீ.
ஒரு சோற்றுப் பருக்கை, ஷாம்பு உறையின் மூலை,
பீடி கட்டும் சிவப்பு நூல் ஒரு முழம்.
"எங்க உம்மா கட்டுன நூலா இருக்கும்" என்றாள் ஜொகரா.
யாரும் சிரிக்கவில்லை,
பாதிப்பேர் வீட்டில் அதே நூல்.

ஜெபக்கனி டீச்சர் ஊற்றச் சொன்னார்.
ஜல்லி குடித்தது. மணல் குடித்தது.
நாற்பத்தொரு பேர் கழுத்தை நீட்டிக் காத்திருக்கச்
சொட்டியது
மசி.
ஊற்றியதைவிடக் கறுப்பு.

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார், பீக்கரைப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.
"கரியக் கழுவணும்னு இதுல போடல பிள்ளைகளா."
அந்த வருஷம் அவர் சொன்னதில்
எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம் அது.

கழுவினோம். திரும்ப அடுக்கினோம்.
இரண்டாம் முறை சாம்பல்.
மூன்றாம் முறை அரிசி களைந்த நீர்.
ஐந்தாம் முறை, சாப்பாட்டு மணி அடித்தும்
ஒருத்தியும் எழாமல் இருக்கையில்,
பீக்கருக்குள் ஜன்னல் வந்தது.
கம்பி, கம்பிக்கு வெளியே பூவரசு,
இடம் வலம் மாறி, இலை இலையாக.

மைமூன் முகர்ந்தாள்.
"சோப்பு வாடை அடிக்கி டீச்சர்."
"குடிக்கலாமா?" பின்னாலிருந்து ஒரு குரல்.
"கண்ணுக்குச் சுத்தம்" என்றார் டீச்சர்.
கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணுக்கு மட்டும்."

சாமான் கழுவும் முறை எனக்கும் ஜொகராவுக்கும்.
மணலை அலச இரண்டு வாளி, கரிக்கு ஒன்று,
ஜல்லிக்கு அரை.
எல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற நல்ல தண்ணீர்.
ஒரு டம்ளர் தெளிவுக்கு.
"இது எங்க போவும்?" ஜொகராதான் கேட்டாள்.
சாக்கடையோடு கூடவே நடந்தோம்,
சத்துணவுக் கூடம் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்ட் தாண்டி,
மதிலடியில் செங்கல் அளவுக்கு ஓட்டை.
குனிந்து கண்ணை வைத்தேன்.
அந்தப் பக்கம், வெயிலில்,
கால்வாய்.
எங்கள் கறுப்பு அதில் கோடு கிழித்துக்கொண்டு
கொஞ்ச தூரம் தனியாகப் போயிற்று.
பிறகு சேர்ந்துகொண்டது.

மணலை ஈரத்தோடு வாளியில் கொட்டி மாட்டினோம்.
"இன்னைக்குத் தீப்பிடிச்சா நல்லா அணையும்" என்றாள்.

ரெக்கார்டு நோட்டில்
நோக்கம் எழுதினேன், செய்முறை எழுதினேன்.
காண்பன: பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்,
நூல், மசி, ஜன்னல், ஓட்டை, கோடு.
அறிவது: நீர் தூய்மையாகிறது
என்று கரும்பலகையில் இருந்தது.
அந்த இடத்தை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை நோட்டு திரும்பி வந்தது.
விட்ட இடத்தில் டிக் இல்லை, பெருக்கலும் இல்லை.
சிவப்பு மையில், சாய்ந்த எழுத்தில்:
எந்த ஓட்டை? மத்தியானம் வந்து காட்டு.