வேற்று அமைப்பு

செலஸ்டின் பஸ்ஸில் வந்தார்.
மடியில் மஞ்சப்பை, பைக்குள் துண்டு,
துண்டுக்குள் நான்கு ஹார்டு டிஸ்க்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உட்கார்ந்து வந்தேன் என்றார்.
ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி
பால்பாயிண்டில் எண் போட்டிருந்தார்.
ஏற்காட்டு மழை இரண்டைக் கரைத்துவிட்டது.
இன்னொன்று மூன்றாக இருக்கலாம், எட்டாகவும்.
எட்டாவது டிஸ்க் அந்த எஸ்டேட்டில் கிடையாது.

செவ்வாய் மதியம் ஐப்பசி இடி.
காப்பித் தோட்டத்து ஆபீஸில் சர்வர் கருகியது.
சனிக்கிழமை சம்பளம்.
நூற்றுப் பதினாறு பேர் வேலைக்கு வந்த கணக்கு
நான்கிலும் பங்கு பிரிந்து கிடக்கிறது,
எந்த ஒன்றைத் தனியாகக் கேட்டாலும்
உளறத்தான் செய்யும்.

செர்ரி ரோட்டுச் சந்தில் என் மாடிக்கடை.
ராத்திரி பத்தரை.
மாதேஷ் பரோட்டா வாங்கப் போயிருக்கிறான்.
ஜவ்வரிசி ஆலை ஒன்று கழித்துப்போட்ட
அதே ரகத்து சர்வரைத் திறந்தேன்,
ஃபேன் இறக்கையில் இன்னும் வெள்ளை மாவு.
செலஸ்டின் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறார்.
மலைப்பாதையும் அப்படித்தான் எண்ணுகிறது.
இயந்திரத்துக்கு முதல் வீடு பூஜ்யம்.
கைக்கு வந்த வரிசையில் செருகினேன்.

கருப்புத் திரை. நீலச் சட்டம்.
*வேற்று அமைப்பு கண்டறியப்பட்டது.*
ஏற்றுக்கொள்ளவா? துடைக்கவா?

இரண்டு சொல்லும் ஒரே அளவு, ஒரே வெள்ளை.
நடுவே ஒரு அம்புக்குறி தூரம்.
மூன்று வருடம் முன்பு
கொண்டலாம்பட்டிக்காரர் ஒருவரின் கல்யாண வீடியோக்களை
இதே இடத்தில் துடைத்து
புத்தம் புதிதாகக் கட்டிக் கொடுத்தவள் நான்.
தாலி கட்டுவது மட்டும் இல்லையா மேடம் என்று கேட்டார்.
எதுவுமே இல்லை.

பிளாஸ்திரியை நம்ப வேண்டியதில்லை.
வேட்டி ஓரத்துச் சலவைக்குறி போல
ஒவ்வொரு வட்டின் கடைசி ஓரத்திலும்
தான் யார், பக்கத்தில் யார்,
எத்தனை பேர் சேர்ந்த குடும்பம் என்று
கண்ட்ரோலர் எப்போதோ எழுதி வைத்திருக்கிறது.
தெரியும். தெரிந்தும்
விரல் கொஞ்ச நேரம் சாவிக்கு மேலேயே நின்றது.

ஏற்றுக்கொள்.

மூன்று பச்சை விளக்கு, ஒரு செம்மஞ்சள்.
ஒரு டிஸ்க் வழியிலோ இடியிலோ செத்திருக்கிறது.
மூவரிடம் விசாரித்து
நான்காமவனைத் திரும்ப எழுத வேண்டும்.
புது டிஸ்க் போட்டு, மீட்கும் வேகம் முப்பது என்று வைத்தேன்.
ஒரு சதவீதம்.
பரோட்டா வந்தது. நான்கு சதவீதம்.

அப்போதுதான் அந்த வரியைப் பார்த்தேன்:
கேஷ் பேட்டரி, பழுது.
எழுதும் முறை, *முதலில் சொல், பிறகு எழுது.*
பேட்டரி இல்லாவிட்டாலும் அப்படியே, என்று
யாரோ டிக் போட்டிருக்கிறார்கள்.
செலஸ்டின் குருமாவைப் பார்த்தார்.
“வேகமா இருந்துச்சு மேடம்.”

எழுதியாச்சு என்று கண்ட்ரோலர் சொன்னதற்கும்
எழுதுவதற்கும் நடுவே விழுந்திருக்கிறது இடி.
திங்கள் வரை எல்லாம் இருக்கிறது.
செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கிறது.

முறையை மாற்றினேன்:
*எழுது, பிறகு சொல்.*

சனிக்கிழமை சம்பள வரிசையில்
செவ்வாய் வந்தவங்க கையைத் தூக்குங்க என்றாராம்.
எண்பத்து நாலு கை.
எண்பதுதான் இருக்கும் என்றார் மேஸ்திரி.
எண்பத்து நாலு பேருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை போன்:
“மேடம், ரொம்ப மெதுவா ஓடுது.
பழைய மாதிரி மாத்த முடியாதா?”
பேட்டரி சென்னையிலிருந்து வரணும் என்றேன்.
மலையில் மழையா என்று கேட்டேன்.
காதை வைத்துப் பாருங்க என்று
ஜன்னலுக்கு வெளியே நீட்டினார் போனை.