கடைசிக் காம்பராவிலிருந்து எண்ணுதல்

பண்டாரவளையில் இரும்புக்கடைக்கு மேல்மாடி.
ஒரு மேசை, இரண்டு கணினி,
ஈரம் சுவரில் வரைந்த தேசப்படம்.
இங்கிருந்தபடி
பதினாறு கட்டை தள்ளியுள்ள ஒரு சரிவின்
நாடி பிடிக்கிறேன்.

மண்ணுக்குள் ஒன்பது சாய்வுமானி,
மேலே நான்கு மழைமானி.
அரை விநாடிக்கொரு எண் சொல்லும்.
எண்கள் வந்து அமர
ஒரு தரவுத்தளம் கட்டுவது என் வேலை.

முன்பு வங்கிக்குக் கட்டியவள்.
அங்கே ஒரு ரூபாய் பிசகக் கூடாது;
தாமதமானால் திரையில் ஒரு வட்டம் சுற்றும்,
வாடிக்கையாளர் கொட்டாவி விடுவார்.
இங்கே எண்ணுக்கு ஆயுள் மூன்று விநாடி.
அதற்குப் பிறகு அது பொய்யில்லை,
போய்விட்ட பதுளை ரயிலின் டிக்கெட்.

மே மாதப் பரிசோதனையில் தோற்றேன்.
எண்களால் மலையைச் சாய்த்தோம்.
சங்கை ஊதச் சொல்லும் கட்டளை
நாற்பத்தொரு விநாடி வாசலில் நின்றது.
உள்ளே தாழ்போட்டு உட்கார்ந்திருந்தது
மரியதாஸ் கிளாக்கரின் மாதாந்த மழை அறிக்கை,
வரிவரியாகச் சராசரி பார்த்தபடி.
அதையும் நகரவிடாமல்
குறுக்கே புகுந்தது
ஒரு கைபேசிக் கட்டண நினைவூட்டல்.

தியத்தலாவை ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன்:
வளையம் வாங்காமல் எந்த ரயிலும்
அடுத்த துண்டுப் பாதையில் சக்கரம் வைக்காது.
வளையத்தோடு போன சரக்கு ரயில் வழியில் தூங்கி வழிந்தால்
பின்னால் நிற்கும் இராமெயில் என்ன செய்யும்?
அதட்டிப் பயனில்லை.
அடுத்த ஸ்டேஷன் மட்டும்
சரக்கு ரயிலையே மெயிலாக்க வேண்டும்.
வெளியே நிற்பவரின் அவசரத்தை
உள்ளே இருப்பவரின் தோளில் ஏற்ற வேண்டும்.

அப்படியே எழுதினேன்.
நாற்பத்தொன்று ஆறானது.
ஆறு நல்ல எண்ணா?
ஒப்பந்தத்தில் 'உடனடியாக' என்றிருந்தது.
உடனடி ஓர் எண் இல்லை.

எனவே நிறுத்தற்கடிகாரத்தோடு தோட்டத்துக்குப் போனேன்.
லயத்தில் கடைசிக் காம்பரா. யோகமலர்.
ஒன்றரை வயதில் இரட்டைப் பிள்ளைகள்.
கணவன் கொழும்பில், ஹோட்டல் வேலை.
"சங்கு ஊதிருச்சுன்னு வச்சுக்குங்க" என்றேன்.

ஒன்றை இடுப்பில் தூக்கினாள். மற்றதைக் காணோம்;
அது கட்டிலுக்குக் கீழே சிரித்தது.
கதவுத் தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது,
தோளால் இடித்தாள்.
வெளியே வந்தவள் திரும்பி ஓடி
அலுமாரி மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை எடுத்தாள்.
பிறப்புச் சான்றிதழ்கள்.
"அதெல்லாம் வேண்டாமே."
"இது இல்லாம ஸ்கூல்ல சேக்க மாட்டாங்க மிஸ்.
நீங்க ஒங்க மிஷின வெரசா ஓட்டுங்க."

கோயில் மேடு வரை
மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.

மண் தரக்கூடிய அவகாசம்,
நிலவியலாளரின் கணக்கில், குறைந்தது நான்கு நிமிடம்.
மீதி எட்டு விநாடி.
கோபுரத்துக்கு இரண்டு,
சங்கு மூச்சு இழுக்க மூன்று.
எனக்கு மூன்று.

மாடிக்குத் திரும்பி
என் சராசரிகளையெல்லாம் அழித்தேன்.
சராசரி நாளில் மலை சரிவதில்லை.
பதின்மூன்று கருவியும் ஒரே நொடியில் கத்தி
மின்சாரம் போய்ப் போய் வரும் இரவு ஒன்றுக்காக
மட்டும் எழுதினேன்.
வட்டில் எழுதக் காத்திராதே.
புது எண் வந்தால் பழையதைத் தள்ளு.
அறிக்கைக்குப் பூட்டே கிடையாது,
நேற்றைய நகலைப் படிக்கட்டும்.
மரியதாஸ் போனில் சத்தம் போட்டார்:
"கணக்குல நாலு வரி கொறையுதே!"
குறையும் என்றேன்.

ஆக மோசமான இரவில் இப்போது
இரண்டு புள்ளி ஏழு.
உள்ளங்கையில் மிச்சம் முந்நூறு மில்லிவிநாடி.
சந்தோஷமாக இருந்தது, அரைநாள்.

பிறகு கீழே இறங்கி இரும்புக்கடையில்
பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினேன்,
நான்கு திருகாணியோடு.
அதை மாட்டிவிட்டு மறுபடி ஓடச் சொன்னேன்.
பதினொரு விநாடி மிச்சம்.
கடைசி இரண்டு மாதத்தில் என் நிரல்கள் சேர்த்தது
மூன்று சொச்சம்.

வடிவமைப்புக் குறிப்பில்
'பூட்டுகள்' என்ற தலைப்பின் கீழ்
அதையும் பதிந்திருக்கிறேன்.
கட்டிலுக்குக் கீழே ஒளியும் பிள்ளைக்கு
இன்னும் வழி தெரியவில்லை.