பெரிய எழுத்து

காஸல் நகரில் நவம்பர். நாலரைக்கே இருட்டு.
வெப்ப அளவி செய்யும் கம்பெனியின் பின்கட்டில்
மூன்று இயந்திரங்களுக்கு
ஒரே கட்டளைக் கோப்பு எழுதிவைத்தேன்:
யார் எப்போது நிரலைச் சேர்த்தாலும்
நீங்களே தொகுத்து, நீங்களே சோதித்து,
நல்லதோ கெட்டதோ சொல்லிவிட வேண்டும்,
என்னை எழுப்பாமல்.

விண்டோஸ் பச்சை.
ஹீட்டர் ஓரம் கிடக்கும் மேக்
கொஞ்சம் யோசித்துப் பச்சை.
லினக்ஸ் மட்டும் பதினோராம் நொடியில் சிவப்பு.
அப்படியொரு கோப்பே இல்லையாம்.

இருக்கிறது. கண்ணெதிரே இருக்கிறது.
இடைச்சேமிப்பைத் துடைத்தேன்.
கம்பைலரை மாற்றினேன்.
மதியம் வாங்கிய பிரெட்செல் கல்லாகிவிட்டது.
பதினேழு சிவப்பு.

பதினெட்டாவதற்கு ஃபிரௌக்கே எட்டிப் பார்த்தாள்.
“மெஸ்ஸுங் பெயர்ச்சொல் ஆயிற்றே,
பெரிய எழுத்தில்தானே தொடங்கும்?”
கோப்புக்கு அவள் வைத்த பெயரில் முதலெழுத்து பெரிது;
அதைக் கூப்பிட்ட என் வரியில் சிறிது.
மற்ற இரண்டும்
போனால் போகிறதென்று விட்டிருக்கின்றன.

குறில் தெரியும். நெடில் தெரியும்.
வல்லினம் மிகும் இடம், மிகா இடம்
காது திருகப்பட்டுப் படித்தவள் நான்.
எழுத்துக்குள்ளே பெரியவர் சின்னவர் பார்க்க
என் அரிச்சுவடியில் பாடமில்லை.

ஓர் எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பினேன்.
முடிவுக்கு நிற்காமல்
ஃபிரௌக்கே குடையோடு கிளம்பிவிட்டாள்.

லினக்ஸ் பச்சை.
விண்டோஸ் பச்சை.
கீழே என் டிராம் மணியடித்துப் போகிறது.
மேக் இன்னும் யோசிக்கிறது.