சாமநத்தம் கண்மாயில் ஞாயிறு

தவணை இன்னும் ஏழு பாக்கி.
லென்ஸைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்
கருவேலம் புதருக்குள் குத்தவைத்திருக்கிறேன்.

"சர்வேக்கு வந்தீகளா?"
ஆடுகளுக்கு நடுவிலிருந்து கேட்டாள்.
"பறவை எடுக்க."
"எடுத்து?"

பதில் தேடுவதற்குள்
மீன்கொத்தி விழுந்து, எழுந்து, போய்விட்டது.
படத்தில் வட்டம் வட்டமாய்த் தண்ணீர்,
அதுவும் சாய்ந்து.

பெருங்குடிப் பக்கம் விமானம் இறங்க
நாரைகள் ஒருமுறை கிளம்பி
அதே மரத்தில் உட்கார்ந்தன.

சூளைப் புகைக்கு மேலே நிலா வந்தது.
மூச்சை அடக்கி ஒன்று எடுத்தேன்.
பெரிதாக்கிக் காட்டினேன் அவளுக்கு.
நெடுநேரம் பார்த்தாள்.
"பாவம், அம்மை போட்டு எறங்கியிருக்கு."

பிறகு ஆடுகளை எண்ணினாள்.
இன்னொரு தரம் எண்ணினாள்.
கருப்புக் குட்டி ஒன்று குறைந்தது.

பேட்டரியில் கடைசிக் கோடு.
லென்ஸைக் கரையோரம் திருப்பினேன்.
நிலா இன்னும் கொஞ்சம் ஏறினால் தேவலை.